மூன்றாவது ரீலில் வரும் சட்டை

மூன்றாவது ரீலை மாட்டுவதற்காக ஹாலில் விளக்கைப் போட்டதும், பேராசிரியர் நல்லபெருமாள் முன்வரிசையிலிருந்து எழுந்து வந்து ஏழு தாள்களைச் செண்பகவடிவின் கையில் வைத்தார். "கடைசிக்கு முந்தின எடம் நேத்துதாம்மா தோணுச்சு. எழுதும்போது எனக்கே கண்ணு கலங்கிட்டு. ஒன் குரல்ல வந்தா ஜனம் அழுதுரும், பாத்துக்கோ." சரி சார் என்றாள் வடிவு. அவள் சரி சார் என்று சொல்லாத நாள் ஏது. மூன்று வருஷமாக மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாளையங்கோட்டையில் இந்தப் பள்ளிக்கூட ஹாலில், திரைக்கு இடதுபக்கம் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அட்டையால் மறைத்த சின்ன பல்பு வெளிச்சத்தில் மைக்கில் வாசித்துக்கொண்டிருக்கிறாள். திரைக்கழகத்தார் மெட்ராஸிலிருந்து ரயில் பார்சலில் படப்பெட்டியை வரவழைப்பார்கள். படம் ருஷ்ய மொழி பேசும், அடியில் எழுத்து எதுவும் ஓடாது, கூட ஆங்கிலத்தில் ஒரு வசனக் கட்டு வரும். முதல் இரண்டு படத்துக்கு வந்த பாங்க்காரர்களும் வாத்தியார்களும் இடைவேளையில் செருப்பைத் தேடிக்கொண்டு போய்விட்டார்கள். அதற்குப் பிறகுதான் பேராசிரியர் அந்த ஆங்கிலக் கட்டைத் தமிழாக்கி, பஸ் ஸ்டாண்டில் அறிவிப்புச் சொல்லுகிற வடிவைக் கூட்டிவந்து வாசிக்க வைத்தார். ஆண் பேசினாலும் பெண் பேசினாலும் ஜெர்மன்காரன் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு கத்தினாலும் எல்லாம் அவள் குரல்தான். தென்காசி செல்லும் பேருந்து இரண்டாவது நடைமேடையிலிருந்து புறப்படுகிறது என்பதும், தோழர்களே பின்வாங்குங்கள் என்பதும் ஒரே குரலில்தான் வரும். ஜனங்களுக்கு அது பழகிவிட்டது. அவளுக்கும் பழகிவிட்டது, அல்லது பழகிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தாள், தாளைப் புரட்டி ஐந்தாம் பக்கத்தைப் பார்க்கிற வரைக்கும்.

ஐந்தாம் பக்கத்தில், சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு, உள்மனக் குரல் என்று தலைப்புக் கொடுத்து, அவர் எழுதியிருந்தார்: என் கண்ணீர் எனக்குச் சொந்தமானதல்ல, அது இந்த மண்ணுக்குச் சொந்தம், அவர் உதிரத்தால் நனைத்த மண்ணை நான் பெருமிதத்தால் நனைக்கிறேன். வடிவு அதை ஒருமுறை வாசித்தாள். பிறகு தாளிலிருந்து கண்ணை எடுத்துவிட்டு மீதியைப் பார்க்காமல் சொல்லிப் பார்த்தாள், விதவை என்று என்னை அழைக்காதீர்கள், வீரனின் வாழ்க்கைத்துணை என்று அழையுங்கள். குனிந்து பார்த்தால் அடுத்த வரி அதேதான். ஒரு எழுத்து மாறவில்லை. நேத்துதாம்மா தோணுச்சு. நேத்தாம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டு ஜனவரியில் இதே மனுஷர் இதே பெருமிதத்தை எழுதி அவள் கையில் கொடுத்தார். அப்போது அவர் பேராசிரியர் இல்லை, தலை நிறைய முடி வைத்திருந்த விரிவுரையாளர், இரங்கல் கூட்டத்துக்குச் செயலாளர். மேடையில், சண்டையில் செத்த அவள் புருஷன் சங்கரபாண்டியின் போட்டோவுக்குப் பெரிய ரோஜாமாலை. போட்டோவில் இருந்த மனுஷனுக்கு ரோஜா வாசம் ஆகாது, தும்முவான். யாரிடம் போய் அதைச் சொல்ல. எழுதப் படிக்கத் தெரிஞ்ச பிள்ளைதானே, நாலு வார்த்தை வாசிக்கட்டும் என்றார்கள். அவளுக்கு இருபத்திநாலு வயசு. அத்தை பக்கத்தில் துணிமூட்டை மாதிரி சரிந்து கிடந்தாள். வடிவு எழுந்து நின்று, மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒரு பிசிறில்லாமல் வாசித்தாள். ஏன் பிசிறவில்லை என்று இன்றைக்கு வரைக்கும் அவளுக்குத் தெரியாது. அந்த வார்த்தைகளில் அவளுக்கு உரியது ஒன்றுமே இல்லாததால் தொண்டையில் மாட்டாமல் வழுக்கிக்கொண்டு வந்திருக்கும். கூட்டம் அழுதது. மேடையில் இருந்த அதிகாரி, என்ன தெளிவான குரல் என்றார். அந்தத் தெளிவான குரலுக்குத்தான் ஆறு மாசம் கழித்து பஸ் ஸ்டாண்டில் அறிவிப்பாளர் வேலை கிடைத்தது. அந்த வேலையில்தான் அத்தையைக் கடைசிவரை பார்த்துக்கொண்டாள், அவளும் சாப்பிட்டாள். பதினைந்து வருஷச் சோறு அந்தப் பொய்யின் மேல் வெந்தது. அதுகூடப் போகட்டும். ஆனால் இந்த ஆள் மறந்துவிட்டாரே. எழுதியதைத் திரும்ப எழுதினால் எழுதட்டும், எழுதுகிறவர்களுக்குச் சரக்கு தீர்ந்துபோவது உண்டு. யாருக்கு எழுதிக் கொடுத்தோம் என்பதை மறக்கலாமா. அவள் கையிலேயே கொண்டுவந்து வைக்கிறாரே, கண்ணு கலங்கிட்டு என்று சொல்லிக்கொண்டு.

விளக்கு அணைந்தது. ஆபரேட்டர் லாசர் பின்னால் இருமினார், எந்திரம் கடகடவென்று ஓட ஆரம்பித்தது. திரையில் மறுபடியும் அந்தச் செங்கல் சூளை, கொப்பரைகள், ஆவி. பட்டாளத்துச் சலவைக்கூடம். பேராசிரியர் படத்துக்குத் தமிழில் வெண்மை வெல்லும் என்று பேர் வைத்திருக்கிறார், சோப்பு விளம்பரம் தோற்றுப்போகும். போர்முனையிலிருந்து ரயிலில் மூட்டை மூட்டையாகச் சட்டைகள் வரும். செத்தவன் சட்டை, காயம்பட்டவன் சட்டை, எல்லாம் கலந்து. இருபது முப்பது பெண்கள் அவற்றைக் கொப்பரையில் வேகவைத்து, அடித்து, கிழிசலைத் தைத்து, காயப்போட்டு, அடுத்த ரயிலில் வருகிற புதுச் சிப்பாய்களுக்குக் கொடுப்பார்கள். கறுப்பு வெள்ளைப் படம், அதனால் ரத்தம் கறுப்பாக இருந்தது. முதல் ரீலில் அதைக் கிரீஸ் என்றே பாதிப்பேர் நினைத்திருப்பார்கள். கிளாவா என்று ஒருத்தி, முன்பல் லேசாகத் தூக்கினவள், புருஷன் போர்முனையில். இரண்டாவது ரீல் முழுவதும் அவள் துவைத்தாள், வேறென்ன. நாலாவது கொப்பரைக்கு விறகு போதாது, என்று வாசித்தாள் வடிவு. கை வெடித்துவிட்டது, கொழுப்பு இருந்தால் தடவு, என்று வாசித்தாள். குரல் அது பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது. அவள் கண் திரையில் இருந்த கைகளைவிட்டு நகரவில்லை. நீயா. நீதானா அது. உன்னைத்தானே நான் பதினைந்து வருஷமாகத் தேடுகிறேன். அவள் திட்டித் தீர்த்த ஆள் எப்போதும் ஆம்பிளை. எங்கேயோ பஞ்சாப் பக்கம் ஒரு முகாமில், பீடியைக் கடித்துக்கொண்டு, எவன் எவன் சட்டை என்று பாராமல் எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் முக்கி எடுக்கிற ஒருத்தன். அவன் கை அழுகிப்போகணும் என்று எத்தனை தடவை சபித்திருக்கிறாள். சங்கரபாண்டி செத்தபிறகு வீட்டுக்கு வந்தது ஒரு கறுப்புத் தகரப் பெட்டி, மூடியில் வெள்ளைப் பெயின்டால் அவன் பேரும் நம்பரும். கூட வந்த ரெண்டு பட்டாளத்துக்காரர்களும் அதை இறக்கி வைத்துவிட்டுச் சல்யூட் அடித்தார்கள். அவர்கள் தெருமுனை திரும்பும் வரைக்கும்கூடப் பொறுக்காமல் அவள் பெட்டியைத் திறந்து, சட்டைகளை அள்ளி, முகத்தைப் புதைத்தாள். சோப்பு. சோப்பும் அந்துருண்டையும். எல்லாம் துவைத்து, இஸ்திரி போட்டு, நாலு மூலையும் நேராக மடித்து, கடையில் வாங்கின மாதிரி. ஒவ்வொன்றாகப் பிரித்து, அக்குளில் மோந்து பார்த்து, காலரில் மோந்து பார்த்து, கடைசியில் பெட்டியின் தகரத்தையே மோந்து பார்த்தாள். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள், "எவ்வளவு சுத்தமா அனுப்பிருக்காக, பாத்தியா. நல்ல மனுசங்கட்டி." அன்றைக்கு அத்தையின் முகத்தில் அறைந்திருப்பாள். கையைத் துணிக்குள் ஒளித்துக்கொண்டாள்.

ஒரு சட்டையைக்கூடவா விட்டுவைக்கத் தோன்றவில்லை. ஒன்றே ஒன்று. அழுக்காக, உப்புப் பூத்து, கசங்கி, பெட்டிக்கு அடியில் சுருட்டி வைத்த ஒன்று. சங்கரபாண்டி அப்படித்தான் கொண்டுவருவான். லீவில் வந்தால் பெட்டியைத் திறந்ததும் குப்பென்று அடிக்கும், வேர்வையும் பூட் பாலிஷும் ரயில்புகையும். துவைக்கச் சோம்பேறி. இங்கே வந்து முற்றத்தில் கொட்டுவான். ரெண்டு நாள் அவளுக்குத் துவைகல்லில்தான் பொழுது போகும். திட்டுவாள். இப்படி மூட்டை கட்டிக் கொண்டாந்து கொட்டுறதுக்காக்கும் சர்க்கார் லீவு குடுக்கு என்பாள். அவன் சிரிப்பான். வண்டி வந்துவிட்டது, என்று வாசித்தாள் வடிவு. மூட்டைகளை இறக்குங்கள், எண்ணிக்கை சரிபாருங்கள். கடைசி லீவில் அக்குள் பக்கம் கிழிந்த ஒரு சட்டைக்குப் பச்சை நூல் இல்லாமல், அவள் சேலை ஓரத்திலிருந்து உருவின நீல நூலால் தைத்துக் கொடுத்தாள். பட்டாளத்தில் சிரிப்பாங்க பிள்ள என்றான். கையைத் தூக்குனாத்தானே தெரியும், தூக்காதீங்க என்றாள். கையைத் தூக்காதீங்க. சண்டையில் தூக்க வேண்டிய நேரத்தில் கையைத் தூக்காமல் நின்றானோ. அதைப் பற்றியும் யோசிக்கக் கூடாது. அந்த நீலத் தையல் பெட்டியில் வந்தது. நூல் வெளுத்திருந்தது, அவ்வளவுதான், அறுந்திருக்கவில்லை. ஆளை விட்டுவிட்டுத் தையலைப் பத்திரமாக அனுப்பியிருந்தார்கள். அந்தச் சலவைக்காரனுக்கு அப்படி என்ன அவசரம். யார் சொல்லி அவன் அதையெல்லாம் துவைத்தான். யார் சொல்லி. இந்த இடத்துக்கு வந்ததும் அவள் மனசு எப்போதும் ஒரு பக்கமாகத் திரும்பிக்கொள்ளும். தெருவில் கடிக்கிற நாய் நிற்கிற வீட்டைத் தாண்டுகிறவர்கள் எதிர்ச்சுவரை ஒட்டி நடப்பார்களே, அப்படி. இப்போதும் திரும்பினாள், பேராசிரியரின் பக்கம். முன்வரிசையில் அவர் தலை தெரிந்தது. படத்தில் யாராவது அரை நிமிஷம் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவருக்குத் தாங்காது. பின்வரிசையில் கடலை உடைக்கிற சத்தம் கேட்க ஆரம்பித்துவிடுமாம். அதனால் படத்தில் எங்கெல்லாம் சத்தமில்லையோ அங்கெல்லாம் உள்மனக் குரல் என்று ஒன்றை எழுதிவிடுவார். ருஷ்யாக்காரன் மெனக்கெட்டு ஒரு பெண்ணைப் பேசாமல் உட்கார வைத்தால், இவர் அவள் மண்டைக்குள் புகுந்து சொற்பொழிவு ஆற்றுவார். இந்த மூன்று வருஷத்தில் எத்தனை பெண்களின் வாயில் எதையெதைத் திணித்திருக்கிறோம் நாம் ரெண்டு பேரும் என்று அவளுக்குத் தோன்றியது. நாம் என்று தோன்றியதும் ஆத்திரம் இன்னும் பொத்துக்கொண்டு வந்தது. எழுதினவர் அவர். சொன்ன குரல் யாருடையது.

மூன்றாம் பக்கம் முடிந்தது, நாலாம் பக்கம் முடிந்தது. திரையில் பெண்கள் மூட்டைகளை அவிழ்த்து உதறினார்கள். கிளாவா ஒரு சட்டையை எடுத்தாள், முன்னும் பின்னும் பார்த்தாள், கொப்பரைக்குள் எறிந்தாள். இன்னொன்றை எடுத்தாள். எறியப் போன கை நின்றது. முழங்கையில் ஒட்டுப் போட்டிருந்தது, கட்டம் போட்ட துணியில். அவள் வீட்டு ஜன்னல் திரைத்துணி அது. முதல் ரீலில், புருஷன் கிளம்புகிற காலையில், ஜன்னல் திரையிலிருந்து ஒரு மூலையை வெட்டி அவள்தான் ஒட்டுப் போட்டாள். ஹாலில் எத்தனைபேருக்கு ஞாபகம் இருக்குமோ, வடிவுக்கு இருந்தது. கிளாவா ஒட்டைக் கட்டைவிரலால் தடவினாள். வடிவின் கண்ணுக்கு அந்தக் கறுப்பு வெள்ளையில் தையல் மட்டும் நீலமாகத் தெரிந்தது. சட்டையின் நெஞ்சுப்பக்கம் பெரிதாகக் கறுப்பு. படத்தில் இசை இல்லை, பேச்சு இல்லை. கொப்பரை கொதிக்கிற சத்தம் மட்டும். பக்கத்தில் நின்றவள் துடுப்புக்கட்டையால் கிண்டிக்கொண்டிருந்தாள், இவளைப் பார்க்கவே இல்லை. ஐந்தாம் பக்கம். உள்மனக் குரல். என் கண்ணீர் எனக்குச் சொந்தமானதல்ல. வடிவு வாயைத் திறந்தாள், வரவில்லை. முன்வரிசையில் பேராசிரியரின் தலை திரும்பியது. படத்தில் கிளாவா சட்டையைத் தூக்கி முகத்துக்குக் கொண்டுபோனாள். மோந்து பார்க்கிறாள். அடி பாவி, உனக்குக் கிடைச்சிருக்கு. வேர்வையும் புகையிலையும் ரத்தமுமாக, மொத்தமாக, உனக்குக் கிடைத்திருக்கிறது. உனக்கு முன்னால் யாரும் கைவைக்கவில்லை. மேற்பார்வைக்காரி தூரத்திலிருந்து வருகிறாள், பூட்ஸ் சத்தம் கேட்கிறது, சீக்கிரம் என்கிறாள் போலிருக்கிறது. சுருட்டி வைத்துக்கொள். பாவாடைக்குள் செருகு. எண்ணிக்கை குறைந்தால் குறையட்டும், என்ன செய்துவிடுவார்கள். யார் சொல்லி நீ துவைக்கணும். யார் சொல்லி. இந்தத் தடவை எதிர்ச்சுவர் இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு எந்தப் பக்கம் திரும்ப. நாய் வந்து நேராக நின்றது. இன்லேண்டு லெட்டர், எழுபத்தொன்று நவம்பர். அத்தைக்கு இருமல், கிணற்றில் தண்ணீர், மாடு சினை, எல்லாம் எழுதியாகிவிட்டது. மடிக்கிற மடிப்பில் ரெண்டு விரல்கடை இடம் மிச்சம் இருந்தது. அதில் எழுதினாள், இந்தத் தடவையாவது எல்லாத்தையும் துவைத்து மடித்துக் கொண்டுவாங்க, எனக்குக் கை ஓய்ந்துபோச்சு. விளையாட்டுக்குத்தான் எழுதினாள். அந்தக் கடிதம் கிடைத்ததாக டிசம்பர் நாலாம் தேதி அவன் எழுதிய பதில், அவன் செத்த தந்திக்கு மூன்று நாள் கழித்து வந்தது. கிடைத்தது, சொன்னபடி செய்கிறேன், சிரிக்காதே. சொன்னபடி செய்கிறேன். எந்தச் சலவைக்காரனும் இல்லை. தொட்டியும் இல்லை, பீடியும் இல்லை. சோம்பேறிப் பயல், வாழ்க்கையில் முதல்தடவையாக, எங்கேயோ ஒரு குழாயடியில் குந்தி உட்கார்ந்து, அவ்வளவையும் தானே துவைத்து, தானே தேய்த்து, நாலு மூலையும் நேராக மடித்து, அவள் பார்த்து அசந்துபோகணும் என்று பெட்டியில் அடுக்கிவைத்துவிட்டுப் போயிருக்கிறான். தன் வாசத்தைத் தானே அலசி ஊற்றிவிட்டுப் போயிருக்கிறான், இவள் சொன்னாள் என்று. பதினைந்து வருஷமாக அழுகிப்போகணும் என்று அவள் சபித்தது அந்தக் கையை. திரையில் கிளாவா முகத்திலிருந்து சட்டையை எடுத்தாள். கொப்பரையைப் பார்த்தாள். பேராசிரியர் டார்ச்சை எடுத்து, குனிந்தபடியே வந்து, ஐந்தாம் பக்கத்தில் சிவப்பு அடிக்கோட்டின்மேல் வெளிச்சம் அடித்தார். "வாசிம்மா, வாசி, எடம் போயிரும்" என்றார் காதருகில். வடிவு தாளின்மேல் உள்ளங்கையை விரித்து மூடினாள். வெளிச்சம் அவள் கைமேல் விழுந்தது. மைக் திறந்துதான் இருந்தது.

"ஏட்டி," என்றாள் வடிவு. "அதத் துவைச்சுராத."

ஹாலில் நாலு மூலையிலும் இருந்த ஸ்பீக்கர்களில் அது போய் விழுந்தது. அறிவிப்பாளர் குரல் இல்லை அது. துவைகல்லுப் பக்கம் நின்று கூப்பிடுகிற குரல். அது அவள் வீட்டுக்கு வெளியே வந்து பல வருஷம் ஆகிறது. பிசிறியது, நன்றாகவே பிசிறியது. பக்கத்தில் நின்று கிண்டுகிறவள்தான் பேசினாள் என்று ஜனங்கள் எடுத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. அவர்களுக்கு எப்படித் தெரியும். பின்வரிசையில் ஒரு கடலைகூட உடையவில்லை. "என்னம்மா இது, இதுல இல்லியே" என்றார் பேராசிரியர். அவருக்கு ருஷ்ய மொழி தெரியாது, ஆனால் தான் எழுதியது தெரியும். வடிவு திரும்பிப் பார்த்து, மைக்கிலிருந்து முகத்தை விலக்கி, "அவ ஒண்ணும் பேசல சார். அன்னைக்கு நானும் பேசல. அது நீங்க பேசுனது" என்றாள். அன்னைக்கா, என்னைக்கு, என்று கேட்கிற முகத்தோடு அவர் டார்ச்சை ஏந்திக்கொண்டு நின்றார். சொல்லலாம். தேதி, மேடை, ரோஜாமாலை, எல்லாம் சொல்லலாம். அதைச் சொல்லி அவர் ஞாபகத்தில் போய் உட்கார்ந்து அவளுக்கு என்ன ஆகப்போகிறது. அவள் திரைக்குத் திரும்பியபோது கிளாவா சட்டையைக் கொப்பரைக்குள் விட்டிருந்தாள். மெதுவாக, எறியாமல், குழந்தையைத் தண்ணீரில் இறக்குவதுபோல இறக்கி, துடுப்புக்கட்டையை வாங்கி, கிண்ட ஆரம்பித்தாள். தண்ணீர் கறுத்தது. போட்டுட்டா, என்று நினைத்தாள் வடிவு. போட்டுட்டா. யார் சொல்லியும் கேட்கமாட்டார்கள். கேட்டவன் ஒருத்தன்தான்.

ஆறாம் பக்கத்தில் வசனம் சரியாகவே இருந்தது, ஆங்கிலக் கட்டிலிருந்து அப்படியே எடுத்தது. சட்டைகள் காய்ந்து, வரிசையில் நின்ற புதுச் சிப்பாய்களுக்குக் கொடுக்கப்பட்டன. சாளேசுரக் கண்ணாடி போட்ட, நரைத்த மீசைக்காரன் ஒருவனுக்கு அந்தக் கட்டம்போட்ட ஒட்டுச் சட்டை வந்தது. அவ்வளவு வயசானவர்களையும் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். அவன் முழங்கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு கிளாவாவிடம் கேட்டான். நன்றாக ஒட்டுப் போட்டிருக்கிறார்களே, யார் போட்டது. வடிவு அதை வாசித்தாள். கிளாவா அவன் காலர் பொத்தானைத் தானே போட்டுவிட்டுச் சொன்னாள். பேராசிரியர் அதற்கு, அறியேன், அணிந்துகொள்ளுங்கள், குளிர் தாக்காது என்று எழுதியிருந்தார். "தெரியாது" என்றாள் வடிவு. "போட்டுக்கோங்க. குளிராது." ஏழாம் பக்கம் முழுவதும் உள்மனக் குரல் இருந்தது, செல்லுங்கள் வீரர்களே என்று தொடங்கி. திரையில் ரயில் கிளம்பியது. வண்டி கிளம்பினால் சொல்லுவதுதான் அவள் வேலை, பதினைந்து வருஷமாக ஒரு நாளைக்கு இருநூறு தடவை சொல்லுகிறாள், எங்கே போகிறது, எந்த நடைமேடை, எப்போது போய்ச் சேரும். அவள் கையை நீட்டி மைக்கின் சுவிட்சை அணைத்தாள். ரயில் பெட்டி பெட்டியாகத் திரையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. ஒரு ஜன்னலில் கட்டம்போட்ட முழங்கை ஒன்று வெளியே தெரிந்தது, கையை ஆட்டுவதற்காகத் தூக்கியது. தூக்காதீங்க என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை.